வட்டக்கானல் காவலும் அறுகம்குடாக் காவலும்

"இவ்வளவு பொலிசுக்கும் ஆர் காசு குடுக்கிறது, தம்பி? உங்கட நகரசபை கணக்குக் கேக்கிறேல்லையோ? எங்கட ஆக்களெண்டால் கேட்டிருப்பினம்."

டால்பின் நோஸ் இறக்கத்துக்கு முன்னால் உள்ள கடையில் பிரெட் ஆம்லெட்டைப் பிட்டபடி யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இப்படிக் கேட்டார். என் வாயிலும் ஆம்லெட் இருந்ததால் அப்போதைக்குத் தப்பித்தேன். கேள்வி மட்டும் தொண்டையில் நின்றுவிட்டது.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலை வெளியூர்க்காரர்கள் 'குட்டி இஸ்ரேல்' என்பார்கள். ராணுவ சேவை முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் பல வருடங்களாக வந்து தங்கும் மலைச்சரிவு இது. உருளைக்கிழங்கு பயிரிட்டவர் வீட்டு மாடியில் இப்போது அவர்களுடைய ஷக்ஷூகா கிடைக்கிறது. 2016 அக்டோபர் 2ஆம் தேதி கேரளத்தின் கனகமலையில் தேசியப் புலனாய்வு முகமை சிலரைக் கைது செய்தது. அவர்கள் வைத்திருந்த இலக்குகளில் இங்கே வரும் இஸ்ரேலியர்களும் உண்டு என்றது முகமை. 2019இல் கொச்சி நீதிமன்றம் அந்த வழக்கில் தண்டனையும் அளித்துவிட்டது. அந்தக் கைது முதல் இந்தக் குறுகலான சாலையில் காவல் கூடியது. சமவெளியிலிருந்து வந்த ஆயுதப்படைக் காவலர், குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக, துப்பாக்கியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு டீயை ஊதுவார். பனி இறங்கினால் அவருக்குப் பத்தடி தள்ளி யார் வருகிறார் என்றே தெரியாது. தெரிகிற நேரத்தில், பின்வாங்க இடமில்லாமல் திணறும் ஜீப்புகளை ஒதுக்கி விடுவதும் அவர்தான்.

காசு யாருடையது என்றால், சென்னையுடையது. காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கென்று வரிசைப்படுத்திய 18 பணிகளில் தெருவிளக்கு உண்டு, சுடுகாடு உண்டு, போலீஸ் இல்லை. சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது பேசலாம். நகர்மன்றத்தில் பேசினால் அது அஜெண்டாவில் ஏறாது. எல்லாம் இங்கிலீஷ்காரன் காலத்து ஏற்பாடு. ஒரு காலத்தில் நகராட்சிகளே போலீஸ் செலவில் பங்கு கட்டின. ரிப்பன் பிரபு காலத்துச் சீர்திருத்தம் அந்தச் சுமையை இறக்கிவிட்டு, பதிலுக்குக் கல்வி, மருத்துவம் போன்ற வேலைகளைக் கொடுத்தது. நல்ல மனதோடு செய்ததுதான், சென்னையில் மாளிகைக்கே அவர் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் செலவோடு சேர்ந்து கேட்கும் வாயும் போய்விட்டது. 1899இல் நகராட்சியான கொடைக்கானலுக்கு அந்த வாய் முளைக்கவே இல்லை.

அப்படியானால் அண்ணன் ஊரில் கேட்கிறார்களா? இலங்கையிலும் வட்டக்கானலுக்கு ஒரு தங்கை உண்டு: பொத்துவிலை ஒட்டிய அறுகம்குடா. அலைச்சறுக்குக்காக வரும் அதே இளைஞர்கள், அதே எபிரேய எழுத்துப் பலகைகள். 2024 அக்டோபர் 23 அன்று அமெரிக்கத் தூதரகம் அங்கே தாக்குதல் நடக்கலாம் என்று எச்சரித்தது. இஸ்ரேல் தன் மக்களைக் கிளம்பச் சொன்னது. நூற்றுக்கணக்கில் பொலிசும் விசேட அதிரடிப் படையும் வந்து இறங்கினார்கள். அறுகம்குடாவில் எனக்குப் பழக்கமானது கடலும் ஒரு ரொட்டிக் கடையும்தான். ஆனாலும் செய்தியைப் படித்தபோது ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருந்தது. பிரதேச சபை அந்தச் செலவைக் கேட்டதா என்று தேடினால், கேட்பதற்குச் சபையே இல்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, தேர்தலுக்குத் திறைசேரியில் பணமில்லை என்று தள்ளிப்போட்டு, 2025 மே 6இல்தான் வாக்கெடுப்பு நடந்தது. இடையில் செயலாளர்கள் ஆண்டார்கள். அந்தத் தாமதம் அடிப்படை உரிமை மீறல் என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இதைச் சொல்லி அண்ணனை மடக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் காலண்டர் உதவவில்லை. கனகமலைக் கைது அக்டோபர் 2. அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாதம் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை ரத்து செய்தது. அதே மாதம் மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்! அவர்கள் இரண்டு ஆண்டு சும்மா இருந்தார்கள், நாங்கள் ஐந்துக்கும் மேல். அபாயம் மலைக்கும் கடற்கரைக்கும் வந்த இரண்டு தடவையும் கணக்குக் கேட்கும் நேரத்தில் நாற்காலி காலி, அதிகாரிகள் ராஜ்ஜியம்.

மன்றம் இருக்கும்போது யார் வலுவாகக் கேட்கிறார்கள் என்றால், வருத்தத்தோடு ஒரு மதிப்பெண் அவர்களுக்கு. நாம் பட்ஜெட் என்பதை அவர்கள் பாதீடு என்கிறார்கள், நம் தலைவர் அங்கே தவிசாளர். பாதீடு இரண்டாம் முறையும் தோற்றால் தலைவர் பதவியே போகும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மேயர் ஆர்னோல்ட் அப்படித்தான் போனார். எங்கள் பக்கத்தில் பட்ஜெட் கூட்டம் முடிந்து போண்டா ஆறுவதற்குள் எல்லாத் தீர்மானமும் நிறைவேறிவிடும்.

ஆனால் அடுத்து வந்த மேயர் மணிவண்ணனைப் பாருங்கள். குப்பை போடுவோருக்கும் எச்சில் துப்புவோருக்கும் அபராதம் விதிக்க ஐந்து பேருக்கு நீலச் சீருடை கொடுத்தார். அது புலிகளின் காவல்துறைச் சீருடை போல இருக்கிறதென்று 2021 ஏப்ரலில் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு அவரைக் கைது செய்தது. கொழும்பு மாநகரசபை ஊழியர் சீருடையைத்தான் பார்த்துச் செய்தோம் என்றார் அவர். அன்றைக்கே பிணை கிடைத்தது. எங்கள் ஊரில் துப்புரவு மேற்பார்வையாளருக்கு எந்த நிறத்தில் சட்டை கொடுத்தாலும் சேர்மனைத் தேடி ஜீப் வராது. இதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

கொழும்பின் நகர மீளெழுச்சித் திட்டம் இன்னும் மோசம். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே கொண்டுபோனார்கள். கொம்பனித்தெருவில் வீடுகள் இடிக்கப்பட்ட அதே ஆண்டில் கொழும்பு மாநகரசபை கலைக்கப்பட்டு ஆணையாளர் கைக்குப் போனது. கட்டுவதும் காவலும் ஒரே கோப்பில் இருந்தால் யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

எங்கள் மலையில் கேட்டார்கள். நகர்மன்றம் என்று சொல்ல ஆசை, கேட்டது பழனி மலைப் பாதுகாப்பு மன்றம். உயர வரம்பை மீறி எழுந்த ஏழு மாடி பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு அரசு கொடுத்த விலக்கை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள், 1995இல் அந்த ஆணை ரத்தானது. அதிலிருந்து பிறந்த ஊழல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரி 2 அன்று தண்டனை வந்தது. அன்றே அதை எதிர்த்து தர்மபுரியில் பேருந்துக்குத் தீ வைத்ததில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எங்கள் கேள்விக்கும் விலை உண்டு. மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸும் அப்படி நீதிமன்றம் தந்ததுதான்: 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி. ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளின் கூலி எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பதையும் நகர்மன்றம் ஒருநாள் கேட்கலாம்.

யாழ்ப்பாணத்தை இன்னும் கொஞ்சம் சீண்டியிருப்பேன், ஒரு விஷயம் தடுத்தது. 1981இல் எரிந்த யாழ் நூலகம் மாநகரசபையின் சொத்து. எரித்த கூட்டத்தில் பொலிஸாரும் இருந்தார்கள். அந்த ஊர்க்காரர் பொலிஸ் செலவைக் கேட்கும்போது, ரசீது மட்டும் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் மலைகளிலும் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன, நமக்கும் அது வேற்றூர்க் கதை இல்லை.

இங்கிலாந்தில் வீட்டு வரிச் சீட்டிலேயே போலீஸுக்கு எவ்வளவு என்று தனி வரி அச்சாகிறது. கவுன்சிலர்கள் உட்கார்ந்த குழு அந்தத் தொகையை மறுக்கவும் முடியும். நம் சொத்து வரியோடு நூலக வரி தனியாகச் சேர்கிறது, அதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. அதற்குக் கீழே ஓர் இடம் விட்டு, 'வட்டக்கானல் காவல், மாநில அரசு ஏற்றது, இத்தனை ரூபாய்' என்று தகவலுக்காக அச்சிட்டால் போதும். கட்டச் சொல்லவேண்டாம், காட்டினால் சரி. இப்போதைய நகர்மன்றத்துக்கு 2027 வரை காலம் இருக்கிறது. தீர்மானம் எழுதித் தர நான் தயார், பொத்துவில் சபை கேட்டால் அவர்களுக்கும் ஒரு நகல் போகும். ஆனால் முதல் பிரதி இங்கேதான்.