சோளகத்துக்கு எதிரே ஒரு கிரவல் சைக்கிள்

கிரவல் என்றால் எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஞாபகத்துக்கு வராது. பிரதேச சபை டிராக்டரில் ஏற்றிவந்து ஒழுங்கையில் கொட்டும் சிவப்புக் கல்மண்தான் ஞாபகத்துக்கு வரும். தேர்தல் நெருங்கினால் கொட்டுவார்கள். ரோலர் வருகிற வரைக்கும் அது குவியலாகவே கிடக்கும். அந்தக் கிரவலில் ஓடுவதற்கென்றே தனியாக ஒரு சாதி சைக்கிள் உண்டு, 2022இல் இத்தாலியில் அதற்கு உலக சம்பியன் போட்டிகூட நடத்தினார்கள் என்று உடப்பிலுள்ள மாமாவிடம் சொன்னேன். "அப்ப எங்கட ஒழுங்கைக்குச் செய்ததோ?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மூன்று கிழமை அந்தச் சைக்கிளில் சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே அலைந்தேன்.

வண்டி என்னுடையதல்ல. கனடாவிலிருந்து வந்த நண்பன் விட்டுப்போனது. கம்பனியின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை, ஏனென்றால் இதே சாமான்களைப் போட்டு இதே உருவத்தில் பல கம்பனிகள் விற்கின்றன. அலுமினியச் சட்டம், கார்பன் முன்கவை, ரேஸ் சைக்கிளைப் போல ஆட்டுக்கொம்பு ஹாண்டில். ஆனால் அந்தக் கொம்பு கீழே போகப் போக வெளிப்பக்கமாக விரிகிறது. 40 மில்லிமீட்டர் டயர், கம்பியால் இழுபடும் டிஸ்க் பிரேக். கியர், ஷிமானோ 2019இல் கிரவல் சைக்கிளுக்கென்றே கொண்டுவந்த ஜிஆர்எக்ஸ் வரிசையைச் சேர்ந்தது: முன்னால் 46, 30 பல்லுள்ள இரண்டு தட்டு, பின்னால் பத்துத் தட்டு, அதில் பெரியதுக்கு 36 பல்.

முன்னால் 30, பின்னால் 36 போட்டு ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஒரு சுற்று முழுதாகச் சுற்றாது. நக்கிள்ஸ் மலையில் காட்டுப் பாதை ஏறுகிறவனுக்கு அது வரம். புத்தளம் கரையில் நாம் ஏறுகிற பெரிய ஏற்றம் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பாலம். முதல் இரண்டு நாளும் அந்தக் கியரை நான் தொடவே இல்லை. தேவையில்லாத சாமான் என்று கொப்பியில் எழுதியும் வைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த வரியை வெட்டினேன். மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை இந்தக் கரையில் சோளகம் அடிக்கும். கற்பிட்டியில் வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குவதும், மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். கற்பிட்டியிலிருந்து தெற்கே திரும்பியபோது அது நேரே நெஞ்சில் கை வைத்தது. போகும்போது முப்பதைத் தாண்டிய வேகம் வரும்போது பன்னிரண்டுக்கு இறங்கியது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. மிதிக்க மிதிக்கக் கிட்ட வருவதாயில்லை. அப்போதுதான் அந்தச் சின்னக் கியர் எதற்கு என்று விளங்கியது. எங்களுக்கு மலை கிடையாது என்று யார் சொன்னது? படுத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். ஹாண்டிலின் கீழ்க்கொம்பைப் பிடித்துக் குனிந்தால் காற்று முதுகுக்கு மேலால் போய்விடும். நிமிர்ந்திருந்து ஓட்டுகிற எங்களூர் லுமாலா சைக்கிளில் இந்த வசதி இல்லை.

இந்தச் சைக்கிளின் பின்னாலுள்ள எண்ணம் எளிமையானது: வாகனம் வராத பாதையைத் தேடிப் போவது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியா ஊரில் 2006இல் பண்ணை வீதிகளில் 200 மைல் போட்டியொன்றைத் தொடங்கினார்கள். இன்று அதுதான் இந்த விளையாட்டின் பெரிய திருவிழா. ஐரோப்பாவில் மலைக்காட்டில் மரம் ஏற்றப் போட்ட பாதைகளில் ஓடுகிறார்கள். எங்களிடம் ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் இருக்கிறது. சிலாபம் - புத்தளம் வீதியில் பஸ்ஸும் லொறியும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்க, மேற்கே கொஞ்சத் தூரத்தில் அந்த வாய்க்கால் சத்தமில்லாமல் வடக்கே போகிறது. உடப்புக்கு அப்பால் அதன் கரையை ஒட்டி ஓடிய ஒரு காலையில் நான் எதிரே கண்டது வலை தோளில் போட்ட இரண்டு பேரையும், ஒரு மாட்டையும், இறால் பண்ணைக் காவல்காரரின் நாயையும்தான். நாய் மட்டும் கொஞ்சத் தூரம் கூட வந்தது.

சைக்கிள் தன் விலைக்குப் பதில் சொன்னது இந்தக் கரையில்தான். பள்ளம், காய்ந்த சேற்றில் பதிந்த மாட்டுக்குளம்பு, மட்டிச் சிப்பி கொட்டிய துண்டு, எல்லாவற்றிலும் ஒரே நிதானம். சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ரேஸ் சைக்கிளைவிடக் கூட என்பதால் முன்பக்கம் துள்ளி விலகுவதில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடியும் உள்ளங்கை மரக்கவில்லை. டயரின் காற்றை 45 இறாத்தலிலிருந்து 30க்கு இறக்கிய பிறகுதான் இந்தச் சுகம் என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் டயரைக் கல்லுப்போல ஊதி, விரலால் சுண்டிப் பார்த்து, 'டங்' என்று கேட்டால்தான் திருப்திப்படுவார்கள். கிரவலில் அது முதுகுத்தண்டுக்குப் பகை.

மணல் வேறு கதை. ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதைகள் சாம்பல் நிறச் சொரிமணல். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் சுற்றித் தெளித்து நனைந்த இடத்தில் சைக்கிள் ஓடும். காய்ந்த இடத்தில் முன்சக்கரம் புதைந்து, பின்சக்கரம் சுற்றி, ஆள் இறங்கி நடக்க வேண்டியதுதான். 22 இறாத்தலுக்கு இறக்கிப் பார்த்தேன். ஒரு வளைவில் டயரின் விளிம்பு றிம்மை விட்டு எழும்ப, இருந்த காற்றும் போனது. உள்ளே டியூப் இல்லை, பால்போன்ற ஒட்டுத்திரவம்தான். அது என் கால்சட்டையில்.

கைப்பம்பு தோட்ட வாடியில் கிடந்தது. என் புத்தி அவ்வளவுதான். பாலாவிப் பக்கம் ஒரு சைக்கிள் கடைவரை தள்ளிக்கொண்டு போனேன், பாதி வழி மரக்கறி லொறியில். கடைக்கார நானா பம்பை எடுத்து வந்து, குனிந்து வால்வைப் பார்த்தார். அது பிரெஸ்டா வால்வு, ஊசிபோல ஒடுக்கம். எங்கள் கடைகளிலுள்ள எந்தப் பம்பும் அதைப் பிடிக்காது. "தம்பி, இதுக்குள்ள எறும்பே போகாது, காத்து எப்பிடிப் போறது?" என்றார். கடைசியில் ஒடுக்க வால்வைப் பிடிக்கும் பம்பொன்று கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர ஒன்றரை நாள். பிரெஸ்டாவைச் சாதாரண வால்வாக மாற்றும் பித்தளைச் சுரை ஒன்று உண்டு, சுண்டுவிரல் நகத்தளவு. அது பையில் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

ஒட்டுத்திரவத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. உடைமுள் குத்தினால் ஒரு சீறல், இரண்டு சுற்று, அடைபட்டுவிடும். முன்டயரில் மட்டும் நான்கு முள்ளை எண்ணினேன். ஆனால் இந்த வெயிலில் அது சீக்கிரம் காய்ந்து ரப்பர்த் தோலாகிவிடும். குளிர் நாட்டில் ஊற்றுவதைவிட அடிக்கடி ஊற்ற வேண்டும்.

உப்பைச் சொல்லாமல் இந்த ஊரில் எந்த வாகனத்தையும் விமர்சிக்க முடியாது. பாலாவி உப்பளங்களின் ஓரமாக ஓடிவிட்டு ஒருநாள் கழுவாமல் விட்டேன். மறுநாள் சங்கிலியில் துரு பூத்திருந்தது, போத்தல் கூட்டின் ஆணித்தலைகளிலும். டிஸ்க் பிரேக் மணலைத் தின்று ஆட்டுக்குட்டிபோலக் கத்தியது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, சொட்டெண்ணெய் விட இருபது நிமிடமாகும். அதற்குப் பஞ்சிப்படுகிறவர் இதை வாங்க வேண்டாம்.

காட்டில் ஓடிப் பார்க்காமல் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக இலவங்குளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மண் செம்மண்ணாகிறது, முந்திரி வருகிறது, பிறகு பாலையும் வீரையும். பக்கப் பாதைகளில் டயருக்குக் கீழே செம்மண் நொறுங்குகிற சத்தம் மட்டும். அந்த மௌனம் ருசியானது, ஆபத்தானதும்கூட: யானைக்கு நாம் வருவது கேட்காது. இந்தச் சைக்கிளில் மணி கிடையாது, கொம்பு ஹாண்டிலில் பொருத்த நல்ல இடமும் இல்லை. காலை வெயில் ஏறிய பிறகு போய், பின்னேரம் மூன்றுக்கு முன் திரும்பினேன். இலவங்குளத்தோடு பயணம் முடிந்தது. அப்பால் வில்பத்து, 1938இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. உள்ளே வாகனத்தில்தான் போகலாம். நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ விடமாட்டார்கள். அதுவே சரி.

மாமாவுக்கு என்ன சொன்னேன்? ஒழுங்கைக்கும் சந்தைக்கும் லுமாலா போதும். பின்னால் கரியர் இருக்கிறது, மீன் பெட்டி கட்டலாம், எந்தக் கடையிலும் திருத்தலாம். 2022இல் பெட்ரோல் இல்லாமல் ஊரே சைக்கிளுக்கு மாறியபோது கைகொடுத்தவை அவைதான். கிரவல் சைக்கிளின் விலைக்கு லுமாலா பல வாங்கலாம். ஆனால் வாய்க்கால் கரையும் காட்டுப் பாதையும் வேண்டுமென்று, விடிய முன் எழும்பி, வந்து கழுவியும் வைக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இந்தக் கரைக்குக் கிடையாது.

வாங்குகிறவர் கடையிலேயே கவையையும் சட்டத்தையும் அளந்து பாருங்கள்: 45 மில்லிமீட்டர் டயர் நுழையாவிட்டால் கற்பிட்டி மணலுக்கு அது ஆகாது. சோளகக் காலத்தில் சிலாபத்தில் தொடங்கி வடக்கே ஓடுங்கள், திரும்பி வர லொறி பாருங்கள். பித்தளைச் சுரை இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பாலாவி நானாவிடம் கொடுத்து வையுங்கள்.