ரிப்பன் படிக்கும் கலை

படைக் குடியிருப்புகள் நிறைந்த ஆவடியில், சீருடையின் இடது மார்பில் வரிசை கட்டும் ரிப்பன்களைப் படிப்பது தனி ருசி. முழு ஊதா என்றால் பரம்வீர் சக்கரம். பாதி வெள்ளை, பாதி காவி மகாவீர் சக்கரம். பாதி கருநீலம், பாதி காவி வீர் சக்கரம்.

பரம்வீர் சக்கரத்தை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த சாவித்திரி கானோல்கர். வெண்கல வட்டில் இந்திரனின் நான்கு வஜ்ராயுதங்கள், நடுவே அரசு இலச்சினை. எவ்வளவு கச்சிதம்!

ஜெர்மானிய இரும்புச் சிலுவையில் கீழ்க் கையைப் பார்க்க வேண்டும்: 1813, 1870, 1914, 1939 என்ற ஆண்டுதான் எந்தப் போருக்கு உரியது என்று சொல்லும். நம் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயருமே இருக்கும். சேகரிப்பவர் முதலில் தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான், விலையை அல்ல.