ஏடும் இல்லமும்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையை ‘என் சரித்திரம்’ என்னும் பெயரால் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்தார். 1942இல் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாது நின்றது. பதிப்பு வரலாறாகவே பலர் அதனைப் போற்றுவர். ஆயின், நூல்கள் மக்களின் அன்றாட வாழ்வில் எங்ஙனம் கலந்திருந்தன என்பதைக் காட்டுவதே அதன் தனிச்சிறப்பாகும்.

1880இல் குடந்தை முன்சீபு சேலம் இராமசாமி முதலியாரிடம், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் வரிசையாகச் சொல்கிறார். முதலியாரோ சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அதனைக் கற்றதில்லை! இதனை மறையாது உரைக்கும் நேர்மையே கதைக்கு உயிர்.

ஏடு கிடைத்த பின்னரும் சமணக் கருத்துகள் விளங்கவில்லை. விளக்கம் தேடிக் குடந்தைச் சமணர் இல்லம் ஒன்றிற்குச் செல்கிறார். இல்லம் விழாக்கோலம் பூண்டிருக்கிறது. காரணம் வினவுகிறார். ஆறு திங்களாக அங்குப் படித்து வந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியதாம்!

புலவர் பலர் மறந்த காப்பியத்தை இல்லறத்தார் மறக்கவில்லை. 1887இல் ஐயர் வெளியிட்ட சிந்தாமணிப் பதிப்புக்கு அவர்தம் விளக்கமும் துணையாயிற்று. உரைநூல்கள் மட்டும் போதுமென எண்ணும் ஆசிரியர் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நன்று. நூலைக் காப்பது பேழை அன்று. அதனை விரும்பிப் படிக்கும் வீடே.