வடிகட்டிகளின் மௌனம்

பழைய சிற்றிதழ்களை மின்வடிவாக்கி வைத்திருக்கும் ஒரு நூலகத் தளத்தில், ஒரு பெண் எழுத்தாளரின் கதைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அட்டவணைக்கு மேலே நான்கு வடிகட்டிகள்: ‘வகை’, ‘பிரிவு’, ‘காலம்’, ‘ஆண்டு’. வகைக்கும் பிரிவுக்கும் என்னய்யா வித்தியாசம்? இரண்டிலும் ‘சிறுகதை’ இருக்கிறது. காலத்தில் அறுபதுகளைத் தேர்ந்தேன். முந்தைய தேடலில் கொடுத்த 1958 ஆண்டுப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. முடிவு பூஜ்யம். ‘அறுபதுகளில் அவர் எழுதவில்லை’ என்று கட்டுரையில் ஒரு வரியும் எழுதிவிட்டேன். பிறகு ஏதோ சந்தேகத்தில் எல்லாவற்றையும் நீக்கிப் பார்த்தால், அந்தப் பத்தாண்டில் மட்டும் ஏழு கதைகள்!

என் கவனக்குறைவுதான். ஆனால் அதற்கு வழிசெய்து கொடுத்தது அந்த வடிவமைப்பு. 1958-ஆகவும் இருக்கவேண்டும், அறுபதுகளாகவும் இருக்கவேண்டும் என்று கேட்டால் எதுவும் தேறாது. அதைத் தளம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சிக்கலின் வேர் ‘உம்’மில் இருக்கிறது. ‘கதையும் கவிதையும் எடு’ என்றால் நாம் இரண்டையும் சேர்த்து எடுப்போம். 1854இல் ஜார்ஜ் பூல் தன் நூலில் விரிவாக வகுத்த தர்க்கத்தின் வழிவந்த கணினிக்கோ, ‘உம்’ என்றால் ஒரே படைப்பு கதையாகவும் கவிதையாகவும் இருக்கவேண்டும். தொல்காப்பியம் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. நமக்கு இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் உண்டு, இயந்திரத்துக்குக் கிடையாது.

எக்ஸெலிலும் இந்த இரட்டை வழக்கு உண்டு. ஒரே பத்தியில் இரண்டு மதிப்புகளை டிக் செய்தால் இரண்டும் வரும். வேறு வேறு பத்திகளில் டிக் செய்தால் இரண்டுக்கும் பொருந்துவது மட்டுமே வரும். ஆனால் அது வரிசை எண்களை நீலமாக்கி, பத்தித் தலைப்பில் புனல் குறியும் போட்டு, ‘எதையோ மறைத்திருக்கிறேன்’ என்று ஒப்புக்கொள்கிறது. நான் பார்த்த தளத்தில் அந்த நேர்மைகூட இல்லை.

பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பெட்டிகளில் ஒன்றை எடுத்துவிடலாம். ‘சிறுகதை, 1960–69, ஆண்டு 1958: பொருந்துவது எதுவுமில்லை’ என்று அட்டவணைக்கு மேலே ஒரு வரி போடலாம். பழைய நூலகர் ‘இல்ல’ என்று சொன்னால், ‘வெளிய போயிருக்கு’, ‘பைண்டிங்ல இருக்கு’ என்று காரணமும் சேர்த்துச் சொல்வார். காரணம் சொல்லாத ‘இல்லை’யை நம்பி நான் ஏழு கதைகளை இல்லாமலாக்கப் பார்த்தேன். இதே அட்டவணையை நம்பி, சரிபார்க்காமல் அச்சுக்குப் போன வரிகள் எத்தனையோ?