ஹெரால்டின் பின் வீல் சிலிண்டர்: கிட் மாற்றினால் தீருமா?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தால், பழைய வண்டி பார்க்கும் பட்டறைகள் முதலில் கேட்பது ரப்பர் கிட்டைத்தான். வீல் சிலிண்டரைக் கழற்றி, உட்சுவரை எமரித் தாளால் தேய்த்து, பிஸ்டனின் ரப்பர் கப்பையும் தூசி உறையையும் மட்டும் புதிதாகப் போட்டு, அதே சிலிண்டரை மறுபடி பூட்டிவிடுவார்கள். செலவு குறைவு, வேலையும் அரை நாளில் முடியும். சாதாரண வீல் சிலிண்டருக்கு இது பெரும்பாலும் ஒத்துவரும். ஹெரால்டின் சிலிண்டர் சாதாரணமானதல்ல என்பதில்தான் சிக்கல்.

இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டை, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தயாரித்தது. அதன் பிரேக் கிர்லிங் வடிவமைப்பு. அதே கிர்லிங்கின் கூட்டோடு 1962-இல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. பக்கத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ரானே பிரேக் லைனிங் வந்தது. வார்ப்பு, கடைசல், லைனிங் என்று பிரேக்குக்கு வேண்டிய கைத்திறன் எல்லாம் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்த வட்டாரம் இது. ஹெரால்டின் வாரிசான கெஸல் 1977-இல் நின்றபின் முழு சிலிண்டர் அரிதாகிப் போனது. இன்று ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் துழாவ வேண்டும், புதுப்பேட்டையில் பழையதைப் பொறுக்க வேண்டும், இல்லையென்றால் சுங்கம் கட்டி இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். கிட் மாற்றும் வழக்கம் வேரூன்றியது இந்தத் தட்டுப்பாட்டில்தான். அதைச் சோம்பல் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

பல கார்களின் டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டர் பின்தகட்டோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். இரு பிஸ்டன்கள் இரு ஷூக்களையும் தள்ளும். ஹெரால்டின் பின்சக்கரத்தில் பிஸ்டன் ஒன்றுதான். அது ஒரு ஷூவை டிரம்மில் அழுத்தும்போது, எதிர்விசையில் சிலிண்டரே பின்தகட்டின் நீள்துளையில் நழுவி மற்ற ஷூவைத் தள்ளுகிறது. ஹேண்ட் பிரேக்கின் நெம்புகோலும் இதே சிலிண்டருக்குள் நுழைந்துதான் வேலை செய்கிறது. சிலிண்டர் நழுவ வேண்டிய தூரம் சொற்பம், ஆனால் அந்தச் சொற்பத்தை நம்பித்தான் பாதி பிரேக் இருக்கிறது. நீள்துளையில் சிலிண்டர் இறுகிவிட்டால் ஒரு ஷூவின் லைனிங் தேயும், மற்றது புதிதுபோல் இருக்கும். ஹேண்ட் பிரேக்கும் மேட்டில் பிடிக்காது.

கிட் மாற்றுவது சரியான வைத்தியமாகும் தருணமும் உண்டு. ரப்பர் கப் வயதாகிக் கெட்டிப்பட்டு, உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. காரோடு பிறந்த சிலிண்டர் நீள்துளையில் பொருந்துமளவு மறுதயாரிப்புச் சிலிண்டர்கள் எல்லாம் பொருந்துவதில்லை. சிலவற்றுக்கு அரம் போட வேண்டிவரும். நல்ல பழையதைக் காப்பாற்றுவது சிக்கனம் மட்டுமல்ல, பொருத்தமும்கூட.

உட்சுவரில் குழி விழுந்திருந்தால் கதை வேறு. எமரியால் தேய்த்தால் மேல்துரு போகும், குழி போகாது. குழி மறையும்வரை தேய்த்தாலோ துளை அகன்று கப் தளரும். இதில் பட்டறைச் சோதனையே ஏமாற்றுகிறது. பெடலை ஓங்கி மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தம் கப்பின் உதட்டைச் சுவரோடு ஒட்டவைத்துவிடுவதால் கசிவு தெரியாது. இரவு முழுக்க வண்டி நிற்கும்போது அழுத்தம் இல்லை, உதடு தளர்கிறது, ஆயில் குழிவழியே ஊறி லைனிங்கை நனைக்கிறது. இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்த் தொடர் என்பதால், பின்னால் ஒரு கப் முழுதாகக் கைவிட்டால் முன்சக்கரமும் நிற்காது.

குழி விழுந்த சிலிண்டருக்கு இந்த வட்டாரத்தின் சொந்தப் பதில் லேத்தில் இருக்கிறது. துளையைக் கடைந்து பெரிதாக்கி, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் இறக்கி, மூல அளவுக்கே உட்புறத்தைக் கொண்டுவரலாம். கிட் மாற்றுவதைவிட இது பலமடங்கு நேர்த்தியான வேலை. சுவர் மெல்லியதாக இருந்தால் மட்டும் ஆகாது. ஆயில் வரும் துளையை ஸ்லீவிலும் பிசிறில்லாமல் போட வேண்டும், இல்லையென்றால் புதுக் கப்பின் உதட்டை அந்தப் பிசிறே கிழித்துவிடும்.

ஆனால் கிட்டோ ஸ்லீவோ, இரண்டும் சிலிண்டரின் உள்ளே நடக்கும் வேலை. இந்த வடிவமைப்பின் பெரிய நோய் வெளியே, நீள்துளையில் இருக்கிறது. சிலிண்டர் வார்ப்பிரும்பானால் துரு, அலுமினியமானால் வெள்ளைப் பொடி. பின்தகடு எப்படியும் துருப்பிடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் தேங்கியது போன்ற வெள்ளத்தில் ஒரு நாள் நின்ற வண்டிக்கு இது சில மாதங்களிலேயே வரும். கசிவு நின்றதும் வேலை முடிந்ததாகக் கருதுவதால் இந்த இறுக்கம் கவனிக்கப்படாமலே போகிறது. வழக்கத்தின் உண்மையான குறை இதுதான்.

முறையாகப் பூட்டும்போது முதல் வேலை சிலிண்டரை வெளியே எடுப்பது. டிரம்மை இரண்டு தலையமுங்கிய ஸ்குருக்களே பிடித்திருக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் உள்தூசியை ஏர் ஹோஸால் ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இது அடிக்கடி மீறப்படும் விதி. ஷூக்கள், ஹேண்ட் பிரேக் இணைப்பு, குழாய் மூன்றும் விடுபட்ட பின், தகட்டின் பின்னால் எதிரெதிர்த் திசையிலிருந்து செருகப்பட்ட லாட வடிவத் தகடுகளைத் தட்டி எடுக்க வேண்டும். அவை எந்த வரிசையில் இருந்தன என்று குறித்துக்கொள்ளாதவர் பூட்டும்போது ஒரு மணி நேரம் திண்டாடுவார். நீள்துளையின் ஓரங்களைத் துருநீக்கி, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லப் பூசி, புதுத் தகடுகளோடு சிலிண்டரை மாட்ட வேண்டும். ஷூ போடுமுன் விரலால் தள்ளினால் அது முன்னும் பின்னும் தாராளமாக நழுவ வேண்டும். நழுவாவிட்டால் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

'பிரேக் ஆயில்' என்ற பெயரே ஒரு வம்பு. அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் சேர்ந்த திரவம். பெயரை நம்பி கப்பில் இன்ஜின் ஆயிலையோ சாதாரண கிரீஸையோ தடவினால் ரப்பர் ஊதிப்போகும். தடவ வேண்டியது அதே பிரேக் ஆயிலைத்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்குகிறது. சென்னைக் காற்றில் திறந்து வைத்த டப்பாவை அடுத்த வேலைக்கு எடுத்துவைப்பது தவறு.

ஏர் எடுத்த பின் முதலில் சரிசெய்ய வேண்டியது ஷூ அட்ஜஸ்டர், பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிள். வரிசை மாறினால் கேபிளின் இழுப்பே சிலிண்டரை ஒருபக்கம் பிடித்துவைக்கும். வண்டியை ஒப்படைக்குமுன் ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் டிரம்மைக் கழற்றித் தூசி உறையைச் சற்று விலக்கிப் பார்க்க வேண்டும். உட்புறம் ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்கு இனி கிட் கிடையாது.