இரசிகர் ஏடுகளும் ஆசிரியர் பெயரும்

அச்சேறி விலைப்பட்ட நூல்களையே இலக்கிய வரலாற்றாசிரியர் கணக்கிற் கொள்வது வழக்கம். வீட்டு மேசையிலே உருவாகிச் சிலர் கைகளிலே தவழ்ந்து மறையும் ஏடுகளை அவர் பொருட்படுத்துவதில்லை. அமெரிக்காவில் அதிமானிட வீரரின் சித்திரக்கதைகளில் ஈடுபட்டோர் தம் கையாலே செய்து வெளியிட்ட ‘ஃபான்சீன்’ என்னும் இரசிகர் ஏடுகள் இத்தகையன. இவற்றின் தகுதி யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுப்பர்மன் என்னும் பெயர் இத்தகைய ஏடொன்றிலேதான் முதலில் முளைத்தது. கிளீவ்லண்ட் நகரப் பாடசாலை மாணவராயிருந்த ஜெரி சீகல், தாமே தட்டச்சிட்டுப் படியெடுத்த விஞ்ஞானக் கற்பனை ஏட்டின் மூன்றாம் இதழில், 1933 ஜனவரியில், ‘சுப்பர்மனின் ஆட்சி’ என்னும் கதையை வெளியிட்டார். படம் வரைந்தவர் பள்ளித் தோழர் ஜோ ஷூஸ்டர். அக்கதையின் சுப்பர்மன் வீரனல்லன். உலகை ஆள நினைத்த கொடியவன். சீகல் தம் பெயரை மறைத்துப் புனைபெயரே இட்டிருந்தார். 1938இல், வீரனாக மாறிய சுப்பர்மனின் உரிமையை இருவரும் 130 டொலருக்கு விற்றனர். வெளியீட்டாளரோடு வழக்காடியபின் அவர்தம் பெயர்கள் கதைகளினின்றும் நீக்கப்பட்டன. 1975ஆம் ஆண்டிலேயே அப்பெயர்களுக்குரிய மதிப்பு மீள வழங்கப்பட்டது. தாமே மறைத்த பெயர் ஒன்று; பிறர் பறித்த பெயர் மற்றொன்று. பெயர் பற்றிய இவ்வழக்கே இவ்வேடுகளின் வரலாறு முழுவதும் தொடர்கின்றது.

சித்திரக்கதை வீரர்க்கெனவே எழுந்த ஏடுகளுள் முதன்மையானது ‘ஆல்ற்றர் ஈகோ’. டிற்றோயிற் நகரின் வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்பித்த ஜெரி பெயில்ஸ், மிசூரி மாநிலத்து இளைஞர் றோய் தோமஸின் துணையோடு 1961 மார்ச்சில் அதனைத் தொடங்கினார். சாராயத் திரவத்தின் உதவியால் ஊதா நிறப் படியெடுக்கும் பொறியே அவர்க்கு அச்சகம். ஒரு மூலத்தாள் சில நூறு படிகளுக்கு மேல் தாங்காது. ஒளி பட்டால் எழுத்து வெளிறும்.

நம் இலக்கண நூலார் நூல்களை முதல், வழி, சார்பு என வகுத்தனர். உரையின் இயல்பைத் தனியே கூறினர். இப்பகுப்பைக் கொண்டு நோக்கின் இரசிகர் ஏடுகளின் வலிமையும் மெலிவும் புலனாகும். அவற்றில் வந்த வீரக்கதைகளிற் பெரும்பாலன வழிநூல்களே. முகமூடியின் நிறம் மாறும். வீரனின் பெயர் மாறும். கதைப்போக்கு மட்டும் மாறாது. முதல் இதழிலே றோய் தோமஸ் எழுதத் தொடங்கிய எள்ளற் கதை இவற்றினும் மேம்பட்டது. எள்ளுவதற்கு மூலத்தை எடைபோட்டறிதல் வேண்டுமன்றோ? பிற்காலத்திற் பெரும்புகழ் ஈட்டிய ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இவ்வேடுகளிலே எழுதிப் பழகியவர் என்பது உண்மையே. ஆயினும், பயிற்சிக்களம் என்பதொன்றே ஒரு வெளியீட்டை இலக்கியமாக்கிவிடாது.

இவ்வேடுகளின் சிறப்பு அவற்றின் உரைப்பகுதியிலேயே உள்ளது. டிக் லுப்பொஃப், பற் லுப்பொஃப் தம்பதியர் 1960 முதல் நடத்திய ‘ஸீரோ’, 1940ஆம் ஆண்டுகளின் சித்திரக்கதைகளைத் தொடர் கட்டுரைகளால் ஆராய்ந்தது. பெயரிடப்படாத படங்களைக் கோட்டின் போக்கினைக் கொண்டே இன்னார் வரைந்தது எனத் தெளிந்தனர் இரசிகர்.

இதன் உச்சம் பற்மன் பற்றிய வழக்கு. 1939இல் தோன்றிய பற்மன் கதைகள் பொப் கேன் என்னும் ஒருவர் பெயரையே தாங்கி வந்தன. முதற் கதையை எழுதியவரும், வீரனின் செவி கூர்ந்த முகமூடியையும் மேலங்கியையும் வகுத்துரைத்தவருமான பில் பிங்கரை வாசகர் அறியார். 1965இல் பெயில்ஸ், பிங்கரிடமே கேட்டறிந்து, அவர் பங்கினை விளக்கிக் கட்டுரை வரைந்தார். அது வெளிவந்ததோ, உறுப்பினர் தத்தம் பக்கங்களைப் படியெடுத்தனுப்ப, ஒருவர் தொகுத்து அவர்களுக்கே அஞ்சல் செய்யும் கூட்டேடொன்றில். கேன் சினந்து மறுப்பெழுதினார். அம்மறுப்பையும் இரசிகர் ஏடொன்றே வெளியிட்டது. அச்செயலில் நடுவுநிலைமை உண்டு. பிங்கர் 1974இல் மறைந்தார். அவர்க்கு உரிய மதிப்பை அளிக்கவில்லை எனக் கேன் 1989இல் தம் சரிதையிலே வருந்தினார். வெளியீட்டு நிறுவனம் பிங்கரின் பெயரை ஏற்றுக்கொண்டது 2015இலேயே. சிறிய ஏடு கூறிய உண்மையைப் பெரிய அச்சகம் ஒப்புக்கொள்ள ஐம்பது ஆண்டுகள் சென்றன.

சித்திரக்கதைகள் சிறாரைக் கெடுக்கின்றன என 1954இல் நூலெழுதிக் கண்டித்த மனநோய் மருத்துவர் பிரெடெறிக் வேர்தம், 1973இல் இரசிகர் ஏடுகளைப் பாராட்டித் தனிநூல் இயற்றினார். கதைகளைக் கடிந்தவரும் இரசிகரின் தன்னலமற்ற முயற்சியை மதித்தார். அவர் மதிப்பீடு தக்கதே. ஆயினும் ஒரு குறை சொல்லவேண்டும். தாம் நேசித்ததைத் தொகுப்பதிற் காட்டிய ஊக்கத்தை, அது நேசிக்கத் தக்கதா என வினவுவதில் இரசிகருட் பலர் காட்டவில்லை. அன்பு சான்றுகளைத் தேடித் தரும்; தீர்ப்பினை அறிவே வழங்கவேண்டும்.

எனினும், படைத்தவன் பெயரை அவனுக்கே மீட்டுக் கொடுத்தல் திறனாய்வின் முதற் கடன். அக்கடனை ஆற்றியவை வெளிறும் ஊதா மையிலெழுந்த ஏடுகளே என்பதை நாம் மறத்தலாகாது.