பெயரில்லாத மன்னன்

விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தை இலக்கியமாகக் கருதிப் படிப்போர் ஒரு முரணைக் காண்பர். எபிரேயரை ஒடுக்கும் மன்னனுக்கு அங்கே பெயரில்லை. ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு அவன் இட்ட ஆணைக்குப் பணிய மறுத்த மருத்துவப் பெண்கள் இருவருக்கோ பெயருண்டு: சிப்ரா, பூவா.

இம்முரணின் கூர்மையை உணர, எகிப்திய அரசருக்குப் பெயர் எத்தகைய உடைமை என்பதை அறிதல் வேண்டும். முடிசூடும் மன்னன் ஐந்து பெயர்களைத் தாங்கினான். அவற்றுள் அரியணைப் பெயரும் பிறப்புப் பெயரும் கயிற்று வளையம் போன்ற நீள்வட்டத்துள் பொறிக்கப்பட்டன. பெயர் நிலைத்தால் அதற்குரியவரும் மறுமையில் நிலைப்பார் என்பது அவர்தம் நம்பிக்கை. பெயரைச் சிதைப்பது இறந்தவரை மீண்டும் கொல்வதற்கு ஒப்பாகும். மூன்றாம் துட்மோசு தன் ஆட்சியின் பிற்பகுதியில் ஆட்செப்சுட் அரசியின் பெயரைச் சுவர்களிலிருந்து செதுக்கி நீக்குவித்தான். ஆமூன் தேவனின் பெயரை அழிக்கப் புகுந்த அக்கெனாத்தன், தன் தந்தையின் பெயருக்குள் இருந்த 'ஆமூன்' என்னும் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. பின்னர் அவன் பெயரும் அழிக்கப்பட்டது. அபிதோசில் முதலாம் சேத்தி வடித்த அரசர் வரிசையில் இவ்விருவருக்கும் இடமில்லை. சேத்தியின் மகன் இரண்டாம் இராம்சேசோ (கி.மு. 1279–1213) முன்னோரின் சிலைகளிலும் தன் பெயரை வெட்டுவித்தான், அழிக்க முனைவோர் கை சலிக்குமளவு ஆழமாகவே வெட்டுவித்தான்.

அப்பெயரை விவிலிய ஆசிரியர் அறியாதவர் அல்லர். அடிமைகள் கட்டிய களஞ்சிய நகர்களுள் ஒன்றை 'இராம்சேசு' என்றே குறிக்கிறார். நகருக்குத் தந்த பெயரை மன்னனுக்குத் தரவில்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படும். 'பார்வோன்' என்பது 'பெரிய வீடு' எனப் பொருள்படும் சொல். அரண்மனையைக் குறித்துப் பின்னர் அரசனுக்கு ஆகிவந்தது. பெயரைச் சேர்க்காமல் அச்சொல்லை மட்டும் வழங்குதல் அக்கால எகிப்தியரிடமும் இருந்த வழக்கமே. பிற்கால மன்னரை நெக்கோ, ஒப்ரா என விவிலியமும் பெயரிட்டே சொல்கிறது. தடை வலுவானது, ஆயினும் அது மன்னனின் பெயரின்மையை விளக்குமேயன்றி, மருத்துவப் பெண்கள் பெயர் பெற்றதை விளக்காது. அடுத்த அதிகாரத்தில் மோசேயின் பெற்றோருக்கும், அவரை வளர்த்த இளவரசிக்கும்கூட ஆசிரியர் பெயர் சொல்லாதபோது, இவ்விருவருக்கு மட்டும் சொன்னது தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை. 1956இல் வெளிவந்த 'பத்துக் கட்டளைகள்' திரைப்படம் மன்னனுக்கு இராம்சேசு என்று பெயர் சூட்டிற்று. வரலாற்று ஆய்வாளர் அவன் யாரெனத் தேடுவது முறையே. கதை சொல்வோர் அவ்வெற்றிடத்தை நிரப்பும்போது மூலத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

'மோசே' என்னும் பெயரையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். எபிரேயத்தில் நீரிலிருந்து எடுத்ததைச் சுட்டி நூல் அதற்கு விளக்கம் தருகிறது. துட்மோசு, இராம்சேசு ஆகிய பெயர்களில் உள்ள, பிறப்பைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லே அது என்பர் அறிஞர் பலர். அரச பெயர்களில் அச்சொல்லின் முன் ஒரு தேவனின் பெயர் நிற்கும். மோசேயின் பெயரில் அவ்விடம் வெறுமையாக உள்ளது. எரியும் முட்செடியின் முன் அவர் கடவுளிடம் கேட்பதும் பெயரைத்தான்.

புரூக்ளின் அருங்காட்சியகத்தில் உள்ள பாப்பிரசு ஏடொன்றில், எகிப்தில் பணிசெய்த ஆசியப் பெண்கள் பலரின் பெயர்கள் காணப்படுகின்றன. அது இரண்டாம் இராம்சேசுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. எனவே நம் கதையின் மருத்துவப் பெண்ணைக் குறிப்பதன்று. அப்பெயர்களுள் ஒன்று சிப்ரா என்பதை ஒத்திருக்கிறது.